பாலத்தோள்

எங்கள் உப்பு லைனில் அண்ணன் தம்பி பேசாமல் இருந்தால் சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். சொத்து எங்கே கொட்டிக் கிடக்கிறது, தகராறு செய்ய? பாலத்தோள் தகராறாகத்தான் இருக்கும்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கால்வாய்க்கு இந்தக் கரையில் எங்கள் வீடுகள். அந்தக் கரையில் அடக்கம் செய்கிற கபர்ஸ்தான். இரண்டுக்கும் நடுவில் பழைய ரயில் பாலம். மற்ற இடங்களில் ஜனாஸாவைத் தூக்கிப் போகும்போது ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று தோள் மாற்றிக்கொண்டே போவார்கள். வழியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்து தோள் கொடுப்பான். எங்களுக்கு அதெல்லாம் பாலத்து முனை வரைக்கும்தான். பாலத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டே பலகை அகலத்துக்குத்தான் நடக்க இடம். இந்த முனையில் மய்யித்து வைத்த சந்தூக்கைத் தோளில் வாங்குகிற நாலு பேர் அந்த முனை வரைக்கும் இறக்காமல், மாற்றாமல் கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் பின்னால் வரிசையாக வர வேண்டியதுதான்.

அந்தத் தோளுக்குப் பேர்தான் பாலத்தோள். அந்த நாலு பேர் யார் என்பதுதான் எங்களிடம் பேச்சு. பெற்ற பிள்ளை, கூடப்பிறந்தவன், உயிருக்கு உயிரான தோஸ்து. நாலில் இடம் கிடைக்காத மகன் ஊரில் தலை காட்டமாட்டான். பெண்களுக்கு எதுவும் கிடையாது, வாசலோடு சரி. ஒன்றே ஒன்று உண்டு. வீட்டில் மவுத்து விழுந்ததும் யாராவது ஒருத்தி முதலில் பாலத்துக்கு ஓட வேண்டும். கூட்ஸ் வண்டி வருகிறதா என்று பார்க்கவும், நகர்ந்து கிடக்கிற பலகையைச் சரி செய்யவும் அங்கே இருந்து பாலத்தைப் பார்த்துக்கொள்கிற கலாசிக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தலைவிரி கோலமாக ஒருத்தி பாலத்தைப் பார்த்து ஓடினால், யார் வீட்டில் என்றுதான் கேட்பார்கள். என்ன என்று யாரும் கேட்பதில்லை.

என் அம்மா போனபோது என் தம்பி பிலாலுக்குப் பாலத்தோள் கிடைக்கவில்லை. கொடுக்காதவர் வேறு யாருமில்லை, எங்களைப் பெற்ற அத்தாதான்.

அத்தாவின் பெயர் ஹயாத் பாஷா. அந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்து போயிருக்கும். எல்லாருக்கும் அவர் பிரிட்ஜ் பாய். ரயில்வேயில் பாலத்துக் கலாசியாகச் சேர்ந்து, அந்த ஒரே பாலத்தில் பெயிண்ட் அடித்து, போல்ட் முடுக்கி, கிரீஸ் வைத்து ரிட்டயர் ஆனவர். பாலத்தின் கதையைச் சொல்லிச் சொல்லி எங்கள் காதைப் புளிக்க வைத்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு ஏற்றப் போட்ட லைனாம். இரும்பெல்லாம் கப்பலில் துண்டு துண்டாக வந்து இறங்கியதாம். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதியிருக்க, எண்ணைப் பார்த்துச் சேர்த்தார்களாம். அப்போது வெல்டிங் ஏது? ரிவெட்டை நெருப்பில் காய்ச்சி கீழேயிருந்து ஒருத்தன் வீச, மேலே இருப்பவன் வாளியில் பிடித்துச் சூடு ஆறுவதற்குள் அடிப்பானாம். கால்வாயில் உப்புத் தோணி போக வேண்டும் என்பதால் நடுவில் தூணே வைக்கவில்லை. கரைக்குக் கரை ஒரே தாவல். இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாக இரும்பு.

"தூணு இல்லாம எப்படிம்மா நிக்குது தெரியுமா?" என்று சாப்பிடும்போதும் ஆரம்பிப்பார். "மேல கீற இரும்பு அமுங்குது. கீழ கீற இரும்ப ரெண்டு கரையும் புட்ச்சி இஸ்துகினு கீது. கீழ் இரும்பு வுட்டுச்சுன்னா அப்பால ஒண்ணும் நிக்காது."

"சோறு ஆறுது, சாப்புடுங்க" என்பாள் அம்மா.

அப்புறம் ரோலர் கதை. பாலத்தின் இந்த முனையைக் கரையோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த முனை இரும்பு உருளைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. வெயிலில் இரும்பு நீளும், மழையில் சுருங்கும். நீளவும் சுருங்கவும் உருளை உருண்டு கொடுக்கும். அம்மாவுக்கு ஒரு நாள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டிருப்பாரோ என்னவோ, அந்த ரோலருக்கு கிரீஸ் வைக்க மட்டும் மனுஷன் தவறியதே இல்லை. அவர் ரிட்டயர் ஆனார், லைன் முனையில் இருந்த ஃபேக்டரி மூடினான், கூட்ஸ் வண்டி நின்றது. அதற்கப்புறம் ரயில்வேயிலிருந்து அந்தப் பக்கம் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை. மவுத்து விழுந்தால் ஒருத்தி ஓடுவது மட்டும் நிற்கவில்லை, பலகையை எங்கள் ஆட்களே சரி செய்துகொண்டார்கள்.

இந்த மனுஷருக்கும் என் தம்பிக்கும் எப்படி முறிந்தது என்றால், பிலால் காசிமேட்டு அடைக்கலமேரியைக் கட்டிக்கொண்டான். மீன் ஏலத்தில் கணீரென்று குரல் விடுகிற பெண். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையோடு வந்து வாசலில் நின்றார்கள். மதம், ஜமாத்து என்று அத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேடா" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அவனும் வா என்று கூப்பிடாத வீட்டில் நான் எதற்கு என்று விம்கோ நகரில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

அம்மா மவுத்தானபோது வந்தான். முனையில் சந்தூக்கைக் கைமாற்றுகிற நேரம், நாலாவது ஆளாகத் தோளைக் கொண்டுவந்தான். அத்தா கையைக் குறுக்கே நீட்டினார். "நீ ரோட்டு மேல சுத்தி வா" என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ரோடு என்றால் மேம்பாலம் ஏறி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நசுங்கி, மணலிப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். அவன் போய்ச் சேர்வதற்குள் மண் தள்ளி முடித்துவிட்டார்கள். பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லை அவனுக்கு. அன்றைக்குப் போனவன்தான், இந்த வாசலை மிதிக்கவில்லை. அப்பனும் வீம்பு, மகனும் வீம்பு. இரண்டு பேரையும் நிற்க வைத்துத் துடைப்பத்தால் சாத்தலாம் என்று எனக்கு எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது.

அத்தா படுத்தார். நுரையீரல். பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் காலையில் வாசலில் இடியாப்பம் போட்டு விற்றுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்கம்மா பக்கத்துல எடம் கீதும்மா. பாலத்து மேல எட்து போய்டுங்க என்ன. ரோட்டு மேல வேணாம். லாரிக்காரன் ஹாரன் அட்சிகினே இருப்பான், பேஜாரு."

"அதெல்லாம் இப்போ எதுக்கு அத்தா?"

"பாலம் கீது இல்ல?"

"கீது."

அந்த வருஷம்தான் பாலத்தை ஏலம் விட்டார்கள். எடுத்தவன் ஒரு பழைய இரும்புக் காண்டிராக்டர். தண்டவாளத்தை முதலில் கழற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் கேஸ் சிலிண்டரோடு வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். மாவுக் கையோடு எட்டிப் பார்த்தால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிற்கிறவன் என் தம்பி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையைக்கூடக் கழுவாமல் போனேன்.

"ஏன்டா, மெட்ராஸ்ல வெட்றதுக்கு ஒனக்கு வேற இரும்பே கெடைக்கலியா?"

"ஏன்க்கா கத்தற? நான் வெட்டலன்னா இன்னொருத்தன் வெட்டுவான்."

"அத்தா வாயத் தொறந்தா இந்தப் பாலத்ததான்டா கேக்கறாரு. ஒனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?"

"எனக்குதான் இதும்மேல எடமே இல்லன்ட்டாரே. எடம் இல்லாதவனுக்கு இன்னாத்துக்கு மனசு?" என்றான். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். வெட்டுகிற ஆட்களெல்லாம் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்து என் பக்கத்தில் குந்தினான்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"வூட்டுக்கு இட்டுகினு போவச் சொல்லிட்டாருடா."

கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு பாலத்தையே பார்த்தான். அத்தா யோசிக்கும்போதும் அப்படித்தான் கடிப்பார். "நான் நிறுத்தி வெக்கிறேன்" என்றான். "அவரு போற வரிக்கும் பாலம் இங்கதான் நிக்கும். பலகையும் கெடக்கும். எவனும் கை வெக்க மாட்டான். ஆனா நான் செஞ்சேன்னு அவராண்ட சொல்லக் கூடாது, ஆமா."

எப்படி நிறுத்தினான் என்பதை அவனே பெருமையாகச் சொன்னான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பார்ஜ், எண்ணெய் டாங்கி, மூடிப்போன ஃபேக்டரி பாய்லர் எதை வெட்டினாலும் தகட்டை முழுசாக வெட்டிவிடமாட்டார்கள். விரல் அகலத்துக்கு வெட்டாமல் விட்டு வைப்பார்கள். அதற்கு ஒட்டு என்று பெயர். அந்த ஒட்டைப் பிடித்துக்கொண்டு தகடு நாள் கணக்கில் அப்படியே நிற்கும். எல்லாம் வெட்டி முடித்ததும் கிரேனைக் கூப்பிட்டு, ஒட்டைத் தட்டித் தட்டி ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போவார்கள். காண்டிராக்டர் கிரேனுக்குச் சொல்லிவிட இருந்தான். பிலால் அவனைப் பிடித்து, "இன்னாத்துக்கு சார் தெனிக்கும் கிரேன் வாடகை? நான் மொத்தத்தையும் ஒட்டு வுட்டு வெட்டி வெக்கிறேன். கட்சியா ஒரு நாளு கிரேன் வந்தா போதும்" என்றிருக்கிறான். "வெட்றவன் நிக்கறதுக்குப் பலகை வேணும், அத்தயும் கட்சியா எட்துக்கலாம்" என்றும் சேர்த்துவிட்டிருக்கிறான். காண்டிராக்டருக்கு வாயெல்லாம் பல்.

"வெளிய பாத்தா வெட்டு, உள்ள பாத்தா ஒட்டு. எப்படிக்கா நம்ம மூள?" என்று சிரித்தான். பாலத்தையே வெட்டிக்கொண்டு பாலத்தைக் காப்பாற்றுகிறவன். நானும் பைத்தியம் மாதிரி சேர்ந்து சிரித்தேன்.

இடியாப்பத் தட்டின் ஆவிக்குப் பின்னால் தினமும் பாலத்தைப் பார்ப்பேன். மேலேயும் குறுக்கேயும் கறுப்புக் கறுப்பாக வெட்டுக் கோடு ஏறிக்கொண்டே வந்தது. பாலம் நின்றது. வெயில் கொளுத்தியது. அத்தா கேட்பார், "கீது" என்பேன். அந்த ஒன்றையாவது பொய் இல்லாமல் சொல்ல முடிகிறதே என்று நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பிடித்த மழை விடிகிற வரை அடித்தது. காலையில் காற்று ஜில்லென்று இருந்தது. அத்தாவுக்கு மூச்சுத் திணறல் கொஞ்சம் இறங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தேங்காய்ப்பால் ஊற்றி இரண்டு இடியாப்பம் சாப்பிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. சொல்லாதே என்றான் அவன், அவன் கிடக்கிறான்.

"அத்தா, பாலம் இன்னும் நிக்குதுன்னா அது ஆரால தெரியுமா? ஏலம் போயி எவ்ளோ நாளாச்சி. பிலாலுதான் காண்டிராக்டரை டபாய்ச்சி ஒங்களுக்கோசரம் நிறுத்தி வெச்சிகீறான்."

அத்தாவின் கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அம்மாவுக்குக்கூட அழவில்லை. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

"நாலு பேரு ஆருன்னு சொல்லிட்றேன், கேட்டுக்க" என்றார். "ஒன் ஊட்டுக்காரரு தமீமு. தொரை." துரை மாமா அத்தாவோடு கலாசியாக இருந்தவர். அவர் நெற்றியில் விபூதியோடு பாலத்தோள் கொடுப்பதை எங்கள் ஜமாத்தில் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. "என் தம்பி மவன் ஃபவாஸு. நாலாவது தோளு பிலாலு."

"அத்தா!"

"அவன்துதான் அது. நான்தான் புடுங்கி வெச்சிகினேன். போ, போய் சொல்லு. அத்தா கூப்ட்டாருன்னு சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை. பின்னாலேயே அத்தா கேட்டார்.

"ஏம்மா, கிரேன் வராம எப்படி நிறுத்தி வெச்சான்?"

"ஏதோ ஒட்டு வுட்டு வெட்றானாம் அத்தா. தொட்டா வுழற மாரி வெட்டிட்டு, ஒரு விரல் வுட்டுடுவானாம்."

"எத்த?"

"எல்லாத்தயும்தான். மேல முட்ச்சிட்டானாம், கீழ்ப்பக்கமும் முக்காவாசி ஆயிடுச்சாம்."

அத்தா கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். "கீழ் இரும்பயா? ஐயோ, அது இழுவையில கீதும்மா! அது பாய்லரு தகடு இல்ல, சொம்மா நிக்கறதுக்கு!" மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசினார். "ரோலரு துருப் புட்ச்சி கெடக்குது. அசையாது. வெயில்ல பாலம் நீண்டு ரெண்டு கரையையும் முட்டிகினு நின்னிருக்குது, அதால தாங்கிச்சு. ராத்திரி மழ பெஞ்சிச்சே. இரும்பு சுருங்கும். ஒட்டெல்லாம் கிழியும். ஓடு! எறங்கச் சொல்லு! ஓடு!"

ஓடினேன். துப்பட்டா எங்கே விழுந்தது என்று தெரியாது. தண்ணீர்த் தொட்டியருகே குடத்தோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தார்கள். "பிரிட்ஜ் பாயா? இன்னாலில்லாஹி…" என்று மவுத்துக்கு ஓதுகிறதை ஒருத்தி ஆரம்பித்தது காதில் விழுந்தது. நின்று இல்லை என்று சொல்ல நேரமில்லை. சேறு வழுக்கி ஒரு முறை விழுந்து எழுந்தேன். அழுகை, மூச்சு, இருமல் எல்லாம் ஒன்றாக வந்தது.

பிலால் பாலத்தின் மேல் கொஞ்ச தூரத்தில் தனியாக இருந்தான். மற்றவர்கள் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் வெட்டுகிற கேஸ் டார்ச்சைப் பற்ற வைக்காமல் வைத்திருந்தான். என்னைப் பார்த்தான். விரித்த தலை, சேறு, ஒற்றைச் செருப்பு. உப்பு லைனில் பிறந்தவன் அல்லவா, அவன் என்ன நினைப்பான்?

டார்ச்சைக் கீழே வைத்தான்.

"அத்தா மவுத்தாயிட்டாராக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டி ஆட்டி அழுதேன். "எறங்குடா" என்று கத்தினேன். கத்தினதாக எனக்குத்தான் எண்ணம். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அதுவும் அவனுக்கு மவுத்துச் செய்தியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி கோணியது. உடனே இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"நான் தூக்குறேன்க்கா!" என்று கத்தினான். "ஆரு தடுத்தாலும் நான்தான் தூக்குவேன்! நீ ஊட்டுக்குப் போ, நான் பலகைய சரி பண்ணிட்டு வந்துர்றேன்!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வராமல், பாலத்தின் நடுவைப் பார்த்து ஓடினான். நடுவில்தான் மழைக்குப் பலகை விலகியிருந்தது. குனிந்து ஒரு பலகையை நேராக இழுத்துப் போட்டான். அடுத்ததைப் பிடித்தான். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "பிலாலு!" என்றேன். நிமிர்ந்தான்.

முதலில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் வந்ததை எனக்கு எழுதத் தெரியாது. பாலம் நடுவில் மடங்கி, இரண்டு பக்கத்து இரும்பும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. என் தம்பி அதற்கு நடுவில் இருந்தான். டீ கிளாஸோடு நின்றவர்கள் அப்படியே தண்ணீரில் குதித்தார்கள். எனக்குத் தெரிந்து அவன் கத்தவே இல்லை.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தார்கள். விம்கோ நகருக்குத்தான் கொண்டு போவாள் என்று நினைத்தோம். அடைக்கலமேரி நேராக எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவளுக்குக் குரலே இல்லை. ஏலக்கடையில் ஊரைக் கூட்டுகிற குரல், கீச்சென்று வந்தது.

"இந்த ஊட்லேர்ந்துதான் போவணும்னு அவரு ஆசப்பட்டாரு அண்ணி. மாமாவாண்ட கேளுங்க, உள்ள வுடுவாரான்னு."

அத்தா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஆரும்மா கேக்கணும், அது அவன் ஊடு" என்றார். அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் அந்தச் சத்தம் வந்தபோதே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். நான் திரும்பி வந்தபோதும் திரும்பவில்லை. சோறு வைத்தால் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுகை முடிந்தது. எடுக்கிற நேரம் அத்தா, தன்னைத் தெருவில் உட்கார வைக்கச் சொன்னார். துரை மாமாவும் தமீமும் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி வந்து வாசலுக்கு வெளியே வைத்தார்கள்.

"இங்க கொண்டாங்க" என்றார்.

சந்தூக்கைத் தூக்கியவர்களுக்குப் புரிந்தது. முழங்காலை மடக்கி மெல்லத் தாழ்த்தினார்கள். முன்பக்கத்துக் கொம்பை நாற்காலியில் இருந்தவரின் வலது தோளில் வைத்தார்கள். பாரம் தெரியாமல் ஃபவாஸ் கீழே கை கொடுத்துப் பிடித்தான். "கைய எடுறா" என்றார் அத்தா. அவன் எடுக்கவில்லை, எடுத்தமாதிரி காட்டினான். அத்தா இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. எத்தனை நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. துரை மாமாதான் அழுதுகொண்டே, "போதும் பாய், வுடு பாய்" என்று விரல்களைப் பிரித்து எடுத்தார்.

ரோட்டு மேல் எடுத்துப் போனார்கள். வேறு வழி ஏது? பாலத்து முனை வரைக்கும்தான் தோள் கொடுத்துப் பழகிய ஜனமெல்லாம் கடைசி வரைக்கும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தது. காசிமேட்டிலிருந்து மேரியின் அண்ணன்மார் வந்திருந்தார்கள், அவர்களும் தூக்கினார்கள். கண்டெய்னர் லாரிகள் நின்ற இடத்தில் டிரைவர்களும் இறங்கி வந்து கொஞ்ச தூரம் தூக்கினதாகத் தமீம் அப்புறம் சொன்னார்.

ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். தெருவில் அத்தா அதே நாற்காலியில் இருந்தார். உள்ளே போகலாம் என்றால் மாட்டேன் என்றார். மேரி படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அத்தாவின் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஜில்லென்று இருந்தது.

"கௌசரு."

"இன்னா அத்தா?"

"அவனாண்ட சொன்னியாம்மா?"

எதை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு, உங்கள் இரண்டு பேரின் வீம்புக்கும் நடுவில் நான் எதைச் சொல்ல, எப்படிச் சொல்ல என்று கத்தியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தால் எவள் கத்துவாள்?

"சொன்னேன் அத்தா."

"நாலாவது தோளு அவன்துன்னு?"

"ஆமா. அத்தா ஒன்னக் கூப்ட்டாருன்னு சொன்னேன்."

"அவன் காதுல வுழுந்துதா?"

"வுழுந்துது."

"இன்னா சொன்னான்?"

இதற்கு மட்டும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "'நான் தூக்குறேன்க்கா, ஆரு தடுத்தாலும் நான்தான் தூக்குவேன்'னு சொன்னான் அத்தா. சத்தமா சொன்னான். கரையாண்ட டீ குட்ச்சிகினு இருந்தவங்கல்லாம் கேட்டாங்க."

படியில் மேரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அத்தா வலது தோளைக் கையால் தடவிக்கொண்டார். ஜனாஸா போன பக்கம் தெரு வெறிச்சென்று இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பேசினார், என்னிடம் இல்லை.

"ஆருடா ஒன்னத் தடுப்பா?" என்றார். "நான்தானேடா கூப்ட்டு அனுப்ச்சேன்."